அப்பாவின் எடையும் நாடித்துடிப்பும் யார் யாருக்குப் போகின்றன? வீட்டுக் கண்காணிப்புக் கருவி பற்றி உதவி தேவை

மாடிவிளக்கு | திங்கள், இரவு 9:40

வணக்கம். பல மாதங்களாக இந்தக் களத்தை வாசிக்க மட்டும் செய்தவன் நான். இன்று கேட்டே ஆகவேண்டிய நிலை.

அப்பாவுக்கு 74 வயது. இதயச் செயலிழப்பு. மூன்று வாரத்துக்கு முன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் ஒரு பெட்டி வந்தது. பிபி மெஷின், எடை பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், இவை மூன்றிலிருந்தும் புளூடூத்தில் அளவுகளை வாங்கி அனுப்பும் ஒரு டேப்லெட். தினமும் காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். மருத்துவமனையிலிருந்தே செவிலியர் கூப்பிடுவார். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டு மாத்திரை அளவை மாற்றினார்கள்; இரண்டு நாளில் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அதனால் கருவியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வியாழக்கிழமை வேறோர் அழைப்பு வந்தது. "உங்கள் அப்பாவின் இதயக் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவு முடியப்போகிறது, புதுப்பிக்க ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். அப்பாவின் பெயரைச் சரியாகச் சொன்னார். திட்டத்தின் பெயரையும் சொன்னார். நான் ஓடிபி சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்பாவுக்கு இதய நோய் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

பெட்டியைப் பிரித்த அன்று டேப்லெட்டில் நான்கைந்து இடங்களில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியது நான்தான். ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. உடம்பு அப்பாவுடையது, சம்மதம் நான் கொடுத்தது. இது இப்போது உறுத்துகிறது.

அந்த அளவுகள் எங்கெல்லாம் போகின்றன? நான் என்ன செய்ய முடியும்? கருவியை அணைத்து வைத்துவிடலாமா?

---

இரவுப்பணிச்செவிலி | திங்கள், இரவு 10:05

முதலில் ஒன்று. தயவுசெய்து அணைக்காதீர்கள். மற்றதை விவரமாக நாளை எழுதுகிறேன், இப்போது பணிக்குக் கிளம்புகிறேன். காலையில் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அந்த ஆள் கூப்பிட்ட எண்ணுக்கு அல்ல, டிஸ்சார்ஜ் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு. இப்படி ஓர் அழைப்பு வந்தது என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் வந்திருக்காது.

---

கம்பியில்லாதவன் | திங்கள், இரவு 11:30

மாடிவிளக்கு அண்ணா, நான் மருத்துவக் கருவிகளின் வலைப்பின்னல் பாதுகாப்பில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசின் தொழில்நுட்பத் தர அமைப்பான நிஸ்ட் 2022-ல் இதே விஷயத்துக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் எண் 1800-30. அதில் நோயாளியின் வீடு, கண்காணிப்புத் தளத்தை நடத்தும் நிறுவனம், மருத்துவமனை என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருப்பார்கள். எனக்குப் பிடித்த பிரிப்பு அது. ஏனென்றால் நடு வட்டாரம் ஒன்று இருக்கிறது என்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மருத்துவமனை பெட்டி கொடுத்தது, மருத்துவமனைதான் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்பாவின் எடை முதலில் போய்ச் சேர்வது அந்தத் தளத்தின் சர்வரில். அங்கிருந்துதான் மருத்துவமனையின் திரைக்கு.

வீட்டுக்குள் நடப்பது இது. எடைக்கருவி டேப்லெட்டோடு முதன்முறை இணையும்போது திரையில் ஆறு இலக்க எண் வந்ததா? அதைப் பார்த்து அடிக்கச் சொன்னதா? அப்படியென்றால் நல்லது. எதுவும் கேட்காமல் தானாகவே சேர்ந்துகொண்டால், அந்த நேரத்தில் நடுவில் ஒருவர் புகுந்து இரு பக்கமும் ஏமாற்றுவதைத் தடுக்க அந்த முறைக்குச் சக்தி கிடையாது. 2014-ல் வந்த புளூடூத் 4.2-இல் சாவிப் பரிமாற்றம் (தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணை இரு கருவிகளும் ஒத்துக்கொள்ளும் முறை) பலமானது. அதற்கு முந்தைய வகைக் கருவிகள் இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. புளூடூத் கருவி "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிக்கும்போது தான் எந்த வகை என்பதையும் சேர்த்தே சொல்வதுண்டு. அதற்குப் பொது எண்கள் இருக்கின்றன. 1808 என்றால் சர்க்கரை அளவி, 1810 பிபி, 1822 ஆக்சிமீட்டர். அளவைத் திறக்கச் சாவி வேண்டும். ஆனால் இந்த வீட்டில் சர்க்கரை அளவி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போன் இருந்தால் போதும்.

டேப்லெட்டிலிருந்து சர்வர் வரை போகும் பாதை பெரும்பாலும் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தில், அதாவது நடுவில் பார்ப்பவருக்குப் புரியாத வடிவில், போகிறது. சரியாக அமைத்திருந்தால் வழியில் ஒட்டுக்கேட்பது மிகக் கடினம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வந்த அழைப்பு இந்த வழிகளில் எதிலிருந்தும் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று பாருங்கள். பெயர், போன் எண், திட்டத்தின் பெயர். எடை தெரியவில்லை, பிபி தெரியவில்லை, மாத்திரை தெரியவில்லை. அளவுகளைத் திருடியவன் அளவுகளைச் சொல்லித்தான் நம்பவைப்பான். இந்த மூன்று விவரமும் ஒன்றாக இருக்கும் இடம் ஏதோ ஒரு பட்டியல். யாரோ தட்டச்சு செய்த, யாரோ அச்சடித்த ஒரு பட்டியல்.

பெட்டி வந்த அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் வெளிப்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

---

கேள்விக்குறி | செவ்வாய், காலை 7:15

எல்லோரும் பதறுவதற்கு முன் ஒரு கேள்வி. என் அம்மாவின் பிபி 150 என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்? வங்கிக் கணக்கு என்றால் புரிகிறது. பாஸ்வேர்டைத் திருடினால் பணம் போகும். உடம்பு அளவைத் திருடி என்ன செய்வார்கள்? இப்படிப் பயமுறுத்தியே வயதானவர்கள் கருவி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். என் அம்மா அப்படித்தான் ஒரு வருடம் மறுத்தார். அந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை ஐசியூவில் இருந்தார். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

---

ஐந்துநிமிடம் | செவ்வாய், காலை 8:50

கேள்விக்குறி, உங்கள் அம்மா விஷயத்தில் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "உடம்பு அளவை வைத்து என்ன செய்வார்கள்" என்பதற்கு என் உடம்பிலிருந்தே பதில் சொல்கிறேன்.

எனக்கு டைப் 1 சர்க்கரை. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 288. ஓர் அளவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான். ஒரு மாதத்து அளவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், எந்த இரவு தூங்கவில்லை, எந்த நாள் மருந்தை விட்டேன், எந்த வாரம் மனம் சரியில்லாமல் கிடந்தேன், எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கிறது. என் கணவரைவிட அந்தக் கோட்டுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியும்.

பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். என் நோயை மாற்ற முடியாது. ஒருமுறை வெளியே போனால் வாழ்நாள் முழுக்க வெளியேதான்.

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கூட்டம். என் போன் திரையைப் பெரிய திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் "சர்க்கரை மிகக் குறைவு" என்று எச்சரிக்கை வந்து திரையின் மேலே நின்றது. இருபது பேர் பார்த்தார்கள். அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் வெளியூர் வேலைக்கு என் பெயர் இருந்தது, எடுத்துவிட்டார்கள். "உங்கள் நன்மைக்காகத்தான்" என்றார் மேலாளர். எந்த ஹேக்கரும் வரவில்லை. நான் அறிவிப்பு அமைப்பை மாற்றாமல் விட்டேன், அவ்வளவுதான். லாக் ஆன திரையில் உள்ளடக்கம் தெரியாமல் ஒலி மட்டும் வரும்படி வைப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எல்லோரும் இன்றே செய்யுங்கள்.

இன்னொன்று. இந்த ஆப்களில் குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. என்னுடையதில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். போன ஆண்டு அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்து, பிறகு பேச்சே அற்றுப்போன ஒருவர் அதில் இருந்தார். மூன்று ஆண்டுகளாக என் ஒவ்வோர் இரவும் அவர் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று எனக்கு வந்த நடுக்கத்தை எழுதத் தெரியவில்லை.

---

கேள்விக்குறி | செவ்வாய், காலை 9:30

சகோதரி, இதை நான் இந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை. மன்னியுங்கள். ஆனால் நிறுவனங்கள் "அடையாளம் நீக்கிய பிறகுதான் பகிர்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்களே? பெயரை எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?

---

கம்பியில்லாதவன் | செவ்வாய், காலை 10:20

இல்லை சார், முடியவில்லை. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர், தொண்ணூறுகளில் மாணவியாக இருந்தபோது, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளை எடுத்தார். வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று விவரங்கள் மட்டும் போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணும் வாய்ப்பு இருக்கிறது என்று 2000-ல் எழுதினார். அது மூன்றே விவரம். இங்கே ஒரு நாளைக்கு 288 அளவு வருகிறது.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் பெயர் எதுவும் இல்லாத ஓட்டப் பாதைகளை உலக வரைபடமாக வெளியிட்டது. பாலைவனங்களின் நடுவே இருந்த ராணுவ முகாம்களின் உள்வழிகள் அதில் பளிச்சென்று தெரிந்தன.

---

நித்திரை | செவ்வாய், பிற்பகல் 1:10

"யாருக்கு லாபம்" என்று கேட்டதற்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். நான் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கு, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் மெஷின் போடுகிறேன். முகமூடியை எத்தனை மணிநேரம் போட்டேன் என்பது ஒவ்வோர் இரவும் தானாகவே போகிறது. அமெரிக்காவில் பலர் இதை அறியாமலே இருந்தார்கள். தன் மெஷின் மருத்துவருக்கு மட்டுமல்லாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரிந்து அதிர்ந்தவர்களைப் பற்றி 2018-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் விதிப்படி முதல் மூன்று மாதத்துக்குள் ஏதாவது தொடர்ச்சியான 30 நாட்களில், 70 சதவீத இரவுகளில் குறைந்தது நான்கு மணிநேரம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷினுக்குப் பணம் நின்றுபோகலாம். சளி பிடித்து ஒரு வாரம் போட முடியாதவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதே நாட்டில் ஒஹாயோ மாநிலத்தில் 2016-ல் ஒரு வீடு எரிந்தது. வீட்டுக்காரரின் பேஸ்மேக்கர் பதிவை போலீஸ் நீதிமன்ற ஆணை வாங்கி எடுத்தது. அவர் சொன்னபடி அந்த நேரத்தில் ஓடியாடிப் பொருட்களை எடுத்திருக்க முடியுமா என்று இதயத் துடிப்பை வைத்துக் கேட்டார்கள். அந்தப் பதிவைச் சாட்சியாக ஏற்கலாம் என்று நீதிபதி சொன்னார். அந்த வழக்கில் யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. உயிரைக் காக்க நெஞ்சுக்குள் வைத்த கருவி, அந்த மனிதருக்கு எதிராகப் பேசவும் கூடும் என்பதை எந்த மருத்துவரும் அறுவைக்கு முன் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

---

இரவுப்பணிச்செவிலி | செவ்வாய், பிற்பகல் 3:45

தூங்கி எழுந்து வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். நான் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். உங்கள் அப்பா மாதிரி இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் அளவுகள் ஓர் இரவில் என் முன் ஓடும்.

ஒரு காலையில் ஒருவருக்கு ஒரே இரவில் ஐம்பது கிலோ குறைந்துவிட்டதாகத் திரை சிவந்தது. கூப்பிட்டால், பேத்தி விளையாட்டாக ஏறி நின்றிருக்கிறாள். அது உடனே தெரிந்துவிடும். தெரியாதது எது என்றால், கணவரின் பிபி மெஷினை மனைவியும் போட்டுப் பார்ப்பது. 140-உம் 128-உம் மாறி மாறி வரும். இருவருடையதும் ஒருவர் பெயரில் சேரும். அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையை மாற்றிவிட்டால்? அதனால் நோயாளி தகவலைப் பாதுகாப்பது என்றால் வெளியே போகாமல் காப்பது மட்டும் இல்லை. இது இவருடையதுதான் என்று உறுதியாக இருப்பதும் அதில் அடங்கும். ஒரு கருவி ஒருவருக்கு. வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டுமென்றால் அவருக்குத் தனியாக ஒரு கருவி, அல்லது இரண்டாவது பயனர் பொத்தான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் பணிநேரம் முழுவதற்கும் ஒரே லாகின். நான்கு பேர் அதையே பயன்படுத்துவோம். பாஸ்வேர்டு மானிட்டர் விளிம்பில் ஒட்டியிருக்கும். அவசரத்தில் வெளியேறி மறுபடி நுழைய நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் யாரோ ஒருவர் தெரிந்த குடும்பத்துப் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். விசாரணை வந்தபோது நான்கு பேரும் சந்தேகத்தில் நின்றோம். யார் பார்த்தார் என்று இன்று வரை தெரியாது. அந்த வாரம் நான் அழுதிருக்கிறேன். இப்போது இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு அட்டை, தட்டினால் திறக்கும், எழுந்து போனால் பூட்டிக்கொள்ளும். நேரமும் வீணாவதில்லை, என் பெயரும் சுத்தமாக இருக்கிறது.

மாடிவிளக்கு தம்பி, நீங்கள் மருத்துவமனையைக் கேட்கலாம். "என் அப்பாவின் பதிவை யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்று தயங்காமல் சொன்னால் நல்ல அறிகுறி.

---

மாடிவிளக்கு | செவ்வாய், மாலை 6:20

கம்பியில்லாதவன் தம்பி, நீங்கள் கேட்டதால் அட்டைப்பெட்டியைத் தேடினேன். மாடியில் பழைய துணி போட்டு வைத்திருந்தோம். பக்கவாட்டில் பெரிய லேபிள். அப்பாவின் முழுப்பெயர், என் போன் எண், முகவரி, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் "இதயச் செயலிழப்பு வீட்டுக் கண்காணிப்புத் திட்டம்".

இது எத்தனை கைகள் மாறி வந்திருக்கும்! அன்று நாங்கள் வீட்டில் இல்லாததால் அரை நாள் வாசலில் வேறு கிடந்திருக்கிறது.

அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது புரிகிறது. ஆனால் அந்த ஆள் சொன்ன மூன்று விவரமும், சொன்ன அதே வார்த்தைகளில், அந்த லேபிளில் இருக்கின்றன. நான் நான்கு நாளாக ஹேக்கர், சர்வர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்கும் பேசினேன். செவிலி அக்கா சொன்னது சரி, என்னோடு சேர்த்து அந்த வாரத்தில் ஆறு பேர் புகார் செய்திருக்கிறார்கள். லேபிள் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டேன். இனி வெளியே பெயரும் முகவரியும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும், நோயின் பெயர் இருக்காது என்று எழுத்தில் பதில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

---

கம்பியில்லாதவன் | செவ்வாய், இரவு 8:00

அருமை அண்ணா. எழுத்தில் கேட்டது மிக நல்ல காரியம்.

கருவியை அணைக்கலாமா என்று முதலில் கேட்டீர்களே, அதற்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. இதில் இரண்டு விதமான கதைகள் உண்டு, இரண்டும் நடந்தவை.

2017 ஜனவரியில், நெஞ்சில் பொருத்திய பேஸ்மேக்கரோடு பேசுவதற்குப் படுக்கையோரம் வைக்கும் மெர்லின்@ஹோம் என்ற கருவியில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக, அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ அமைப்பு அறிவித்தது. அதன் வழியே பேஸ்மேக்கரையே மாற்றியமைக்க முடியும் என்பது அச்சம். அப்போது நோயாளிகளுக்கு எஃப்டிஏ சொன்னது என்ன தெரியுமா? கருவியை மின்சாரத்திலும் இணைப்பிலும் வைத்திருங்கள், திருத்தம் தானாக வந்து சேரும் என்று. பிடுங்கி வைத்திருந்தவர்களுக்கு அது வந்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தக் கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களுக்கே மென்பொருள் திருத்தம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்கள். அதற்கு மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டியிருந்தது, மூன்று நிமிட வேலை.

மாறாக 2025 ஜனவரி 30 அன்று வந்த எச்சரிக்கை. காண்டெக் நிறுவனத்தின் சிஎம்எஸ்8000 என்ற மானிட்டருக்குள், யாருக்கும் சொல்லாமல் ஒரு வெளி முகவரி எழுதி வைக்கப்பட்டிருந்தது. இணையத்தில் சேர்த்ததும் நோயாளியின் விவரங்களை அது அங்கே அனுப்பியது, அதுவும் மறையாக்கம் இல்லாமல். அப்போது எஃப்டிஏ சொன்னது வேறு: தொலைவிலிருந்து கண்காணிக்கத்தான் இதை வைத்திருக்கிறீர்கள் என்றால் பிடுங்கிவிட்டு, மருத்துவரிடம் பேசி வேறு கருவிக்கு மாறுங்கள் என்று.

ஆகவே அணைப்பதா வேண்டாமா என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. கருவியின் மாடல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாடலுக்கு எச்சரிக்கை உண்டா என்று தேடுங்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுவைக் கேட்டு அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். அளவு நின்றுபோவதும் ஒரு ஆபத்துதான். 2019 நவம்பர் 30 அன்று சர்க்கரை சென்சார் நிறுவனமான டெக்ஸ்காமின் பகிர்வுச் சேவை படுத்துவிட்டது. பிள்ளையின் சர்க்கரை இறங்கினால் போன் எழுப்பும் என்று நம்பித் தூங்கிய பெற்றோர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. தகவல் திருடுபோகவில்லை, ஆனால் வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். மருத்துவக் கருவிகளை விருந்தினர் வைஃபையில் தனியாகச் சேர்த்தால், பிள்ளைகள் இறக்கும் விளையாட்டிலிருந்து வரும் தொல்லை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. கருவிக்கே சிம் இருந்தால் இன்னும் நல்லது. ஆப் கணக்குக்கு இரண்டடுக்கு உறுதி (பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும் அமைப்பு) வையுங்கள்.

பலர் மறப்பது கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள். டேப்லெட் உங்கள் வைஃபை பாஸ்வேர்டை வைத்திருக்கும், பிபி மெஷின் கடைசி அறுபது, நூறு அளவுகளை வைத்திருக்கும். திட்டம் முடிந்து திருப்பும்போது எல்லாவற்றையும் அழித்தீர்களா என்று கேளுங்கள். அடுத்த வீட்டு நோயாளி பொத்தானை அழுத்தினால் உங்கள் அப்பாவின் பழைய அளவு வரக் கூடாது.

---

நித்திரை | செவ்வாய், இரவு 8:40

சட்டம் பற்றி ஒரு வரி. மருத்துவமனை வழியாக வரும் கருவிக்கும், நாமாகக் கடையில் வாங்கி ஆப் ஏற்றும் கருவிக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல. அமெரிக்காவின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பா மருத்துவமனையையும் அதற்காக வேலை செய்யும் நிறுவனத்தையும்தான் கட்டும். தனியார் ஆப் பெரும்பாலும் அதற்கு வெளியே. அந்த இடைவெளியில்தான் 2023-ல் மருந்துத் தள்ளுபடி ஆப் நடத்தும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் உடல்நலத் தகவலைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. கசிந்தது தெரிந்தால் 72 மணிநேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2023-ல் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பெறும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. அதில் தமிழும் உண்டு. "தமிழில் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்" என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

---

பழையஆசிரியர் | புதன், காலை 6:10

நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை. இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். மகன்கள் பேசுகிறார்கள், செவிலியர் பேசுகிறார், பொறியாளர் பேசுகிறார். கருவி கட்டப்பட்டவன் ஒருவன் பேசலாம் என்று தோன்றியது. எனக்கு 71 வயது.

என் பிள்ளைகள் மூவரின் போனிலும் என் பிபி வருகிறது. அன்பினால்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு 152 என்று வந்தால் ஏழு பத்துக்கு முதல் அழைப்பு வரும். ஏன் அப்பா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு கோபப்பட்டீர்கள்? ஏழரைக்கு இரண்டாவது அழைப்பு. குடும்பக் குழுவில் என் எண்ணைப் படம் எடுத்துப் போட்டு, மருமகன் வரை கருத்துச் சொல்வார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவன் நான். இப்போது தினமும் காலையில் எனக்கு மதிப்பெண் வருகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மணிநேரம் அசையாமல் உட்கார்ந்து, குறைவாக வரும் என்று தோன்றினால் மட்டும் அளந்தேன். தலை கனத்த நாட்களில் அளக்கவே இல்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்றேன். இரண்டு மாதம் என் அளவுகள் மிக அழகாக இருந்தன. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். பத்தாவது நாள் குளியலறையில் விழுந்தேன்.

கருவி சரியாகத்தான் வேலை செய்தது. பொய் சொன்னது நான். வெளியாட்களிடமிருந்து அல்ல, என் பிள்ளைகளிடமிருந்து என்னைக் காத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் மாடிவிளக்கு என்ற தம்பி "உடம்பு அப்பாவுடையது, சம்மதம் நான் கொடுத்தது" என்று எழுதியதைப் படித்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

---

இரவுப்பணிச்செவிலி | புதன், காலை 7:30

ஐயா, நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் இதைத் திரையில் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய அளவுகள் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராக, நடுநடுவே நாட்கள் விட்டுப்போய் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இனி அப்படி ஒருவரைக் கூப்பிடும்போது "ஏன் அளக்கவில்லை" என்று கேட்க மாட்டேன். "இதை வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள்" என்று கேட்கப்போகிறேன்.

இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

---

பழையஆசிரியர் | புதன், காலை 8:05

நலம் அம்மா. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மகள் மட்டும் பார்க்கிறாள். அதுவும் அளவை அல்ல, எச்சரிக்கை வந்தால் மட்டும். அந்த அமைப்பை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். இப்போது தலை கனத்தாலும் அளக்கிறேன்.

---

கேள்விக்குறி | புதன், காலை 8:30

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். ஒரு வருடம் கருவி வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று. தகவல் திருட்டு, அது இது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "நான் எத்தனை முறை எழுந்து நடக்கிறேன் என்பது உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான்" என்றார். இவ்வளவு நாளாக நான் கேட்கவே இல்லை.

---

மாடிவிளக்கு | வியாழன், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

மருத்துவமனையிலிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது. லேபிளை மாற்றுகிறார்கள். ஏற்கெனவே பெட்டி பெற்றவர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கைச் செய்தி போயிருக்கிறது. யார் யார் பதிவைத் திறந்தார்கள் என்ற பட்டியல் கேட்டேன், பத்து நாளில் தருவதாகச் சொன்னார்கள். திட்டம் முடிந்தபின், தளம் நடத்தும் நிறுவனத்திடம் இருக்கும் நகலை அழிக்கக் கேட்கலாம், ஆனால் மருத்துவமனை தன் பதிவைச் சட்டப்படி சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அது நியாயமாகப் பட்டது.

நேற்று மாலை அப்பாவோடு உட்கார்ந்தேன். அந்த "ஒப்புக்கொள்கிறேன்" பக்கங்களை மறுபடி திறந்து, ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். ஒன்றே கால் மணிநேரம் ஆயிற்று. நடுவில் மூன்று இடங்களில் அப்பா நிறுத்தி விளக்கம் கேட்டார், எனக்கும் தெரியவில்லை, குறித்து வைத்து அடுத்த நாள் போனில் கேட்டோம். ஆராய்ச்சிக்குப் பகிரலாமா என்ற கட்டத்தில் நான் "வேண்டாம்" என்று அழுத்தப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். "இன்னொருவருக்குப் பயன்பட்டால் போகட்டும். விளம்பரத்துக்குத்தான் கூடாது" என்றார். எனக்கு அவர் சார்பில் முடிவெடுக்கும் பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

யார் பார்க்கலாம் என்று கேட்டேன். செவிலியர், மருத்துவர், எச்சரிக்கை மட்டும் எனக்கு. தம்பிக்கும் தங்கைக்கும் அவரே சொல்லிக்கொள்வாராம். குடும்பக் குழுவில் நான் போட்ட மூன்று வாரத்துப் படங்களை அழிக்கச் சொன்னார், அழித்தேன். டேப்லெட்டுக்கு அவரே ஒரு கடவு எண் வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, அவசரத்துக்கு ஓர் உறையில் எழுதி, ஒட்டி, மருந்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

இன்று காலை எடை பார்த்துவிட்டு வெளியே வந்தார். வழக்கம்போல "எவ்வளவு?" என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவராகவே "பரவாயில்லை, நேற்று மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு நடக்கப் போனார்.